நடுமுதுகில் ஒரு புள்ளி

முதலில் தப்பு செய்தவர் கனகசபாபதிதான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். பிற்பாடு உப்போடை ஊரே சேர்ந்து பலவேசத்துக்குச் செய்தது, அவர் பெண்சாதி செய்தது, கோடை வெயில் செய்தது எல்லாமே அந்த ஒரு தப்பின் வயிற்றில் பிறந்தவைதான் என்பது பலவேசத்தின் தீர்மானம், அந்தத் தீர்மானத்தை அவர் ஒருநாளும் யாருக்காகவும் தளர்த்திக்கொண்டதில்லை.

கனகசபாபதி உப்போடைப் பத்திர ஆபீஸின் அதிகாரி. பலவேசம் அங்கே ரிக்கார்டு ரூம் பியூன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. பைல் கட்டுகளை ஏற்றி வைப்பதும் இறக்கிக் கொடுப்பதும் டீ வாங்கி வருவதும் வேலை. ஒருநாள் உப்பளத்து நிலம் ஒன்றின் பைலில் நடுப்பக்கம் ஒன்றைக் காணவில்லை. ரூம் சாவி பலவேசத்திடம் இருந்தது, ஆகவே பக்கமும் பலவேசத்திடம்தான் இருக்கும் என்று முடிவு கட்டிய கனகசபாபதி, பத்திரம் பதிய வந்த சனம் வராந்தா கொள்ளாமல் நின்ற நேரத்தில் அவரை வெளியே கூப்பிட்டு, "சட்டையக் கழட்டுடே" என்றார். கழற்றினார். "திரும்புடே" என்றார். திரும்பினார். உப்போடை ஊர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பலவேசத்தின் முதுகைப் பார்த்தது. அங்கே பக்கம் இல்லை, வேர்வை மட்டும் இருந்தது. "எங்கயோ பதுக்கிட்டான்" என்று சொல்லிவிட்டு அதிகாரி உள்ளே போனார். அன்றிலிருந்து டீக்கடையிலும் சலூனிலும் அவருக்குப் பக்கம் கிழிச்ச பலவேசம் என்று பேராயிற்று.

அந்தப் பக்கம் பிறகு கிடைத்தது. கனகசபாபதியின் சொந்த மேசை இழுப்பறையில், பழைய காலண்டருக்கு அடியில், டீத் தம்ளரின் வட்டக் கறையோடு கிடைத்தது. மாவட்டத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்து, கதவைச் சாத்தி வைத்துக் கேட்டு, எழுதி, எழுதியதில் ஒரே ஒரு வரியை மட்டும் பலவேசத்துக்கு வாசித்துக் காட்டினார்: பலவேசத்தின் மேல் குற்றம் இல்லை. அந்த வரியைக் கேட்டவர்கள் பலவேசம், கனகசபாபதி, பிறகு மேலே சுற்றிய மின்விசிறி. வராந்தாவில் நின்று முதுகைப் பார்த்த சனத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. காகிதம் பைலுக்குள் போயிற்று, பைல் அலமாரிக்குள் போயிற்று, ஆபீஸ் விசாரணைப் பைல்களைப் பியூன்மாருக்குக் காட்டுவதில்லை என்ற விதி அலமாரிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டது. அதற்குப் பிறகும் வருஷக்கணக்காக அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே மணியை அடித்து, பலவேசத்தைக் கூப்பிட்டு டீ வாங்கச் சொன்ன கனகசபாபதி, தெரியாமச் சொல்லிட்டேன்டே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஊரின் நிலம், வீடு, கிணறு, கல்யாணம், பாகப்பிரிவினை என்று அலமாரிகளில் மூச்சடைத்துக் கிடந்த எல்லாப் பைல்களையும் உள்ளே ஏற்றுவதற்காக, நாகர்கோயில் பக்கத்திலிருந்து மெர்லின் என்ற பொறியாளர்ப் பெண் வந்தாள். ஏற்றுகிற வேலை தடையில்லாமல் நடந்தது. தடைப்பட்டது ஒரு சின்னப் புள்ளியில்.

"ஒவ்வொரு பைலுக்கும் ஒரு அடையாளம் வேணும் சார்," என்றாள் அவள், ஆபீஸ் முழுவதையும் உட்கார்த்தி வைத்து. "இது முழுசா இருக்கு, இதுல யாரும் கை வைக்கலன்னு சொல்ல ஒரு புள்ளி. இருந்தா இருக்கு, இல்லன்னா இல்ல. புள்ளி வைக்கிறது பெருசில்ல. அத எங்க வைக்கிறதுங்கிறதுதான் கேள்வி."

"பைலுக்குள்ளயே வையி. இதுக்கு ஒரு கூட்டமா?" என்றார் கனகசபாபதி.

"பைல மாத்துறவன் உள்ளதானே சார் வருவான்? வந்த கையோட புள்ளியையும் சரி பண்ணிட்டுப் போயிருவான். அதுபோக, புள்ளி வைக்கிறதுக்கே நாம பைலத் தொறந்து கை வைக்கணும். வச்ச பிறகு அது வைக்கிறதுக்கு முந்தின பைல் இல்லையே."

"அப்போ பேர்ப் பட்டியல்ல, பேருக்குப் பக்கத்துல வையி."

"பைல வேற எடத்துக்குக் கொண்டுபோனா பேரு கூடப் போகும், புள்ளி இங்கயே தங்கிரும். வீடு மாறிப் போனவங்க பூனைய விட்டுட்டுப் போற மாதிரி."

"தனியா ஒரு ரூம் போட்டு, புள்ளிய எல்லாம் அதுல பூட்டி வைம்மா," என்றான் எழுத்தர் சங்கிலி. அவன் ஆபீஸில் இளையவன், தன் பேச்சு எடுபட வேண்டும் என்ற ஆசை உள்ளவன்.

"அந்த ரூம்ல யாரும் கை வைக்கலன்னு எப்படித் தெரியும்? அதுக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு இன்னொரு புள்ளி." மெர்லின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "பைலுக்கு வெளிய இருக்கணும். பைல் எங்க போனாலும் விட்டுப்போகக் கூடாது. அதக் காக்கிறவன் தானே அதத் தொட முடியாத எடமா இருக்கணும். அப்படி ஒரு எடம் சொல்லுங்க, இப்பவே முடிச்சிருவோம்."

நாள்கணக்கில் பேசினார்கள். பலவேசம் டீ கொண்டுவந்தார், தம்ளர் எடுத்துப் போனார், மறுபடி டீ கொண்டுவந்தார். கடைசியில் பொறுமை வற்றிப்போன கனகசபாபதி, குனிந்து தம்ளர் பொறுக்கிக்கொண்டிருந்தவரின் முதுகில் ஓங்கித் தட்டி, "இவன் முதுகுல வைங்க எல்லாத்தையும்! பக்கம் கிழிக்கிற பயலே காவலுக்கு இருந்தா ஒரு பயலும் கிழிக்க மாட்டான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மெர்லினும், களைத்துப்போயிருந்ததால், லேசாகச் சிரித்தாள். பலவேசம் சிரிக்கவில்லை, யார் யார் சிரித்தார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் குழாயடியில் அவருக்கு முதுகு தேய்க்க வந்த பூலம்மாள், "என்ன எளவு இது, எள்ளு மூட்டைய அவுத்துக் கொட்டுன மாதிரி" என்றாள். சோப்புப் போட்டாள், போகவில்லை. பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை, வரிசை பிசகாமல், நாற்றுப் பாவிய வயல்போல, கறுப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள்.

மெர்லின் பார்த்தாள். கம்ப்யூட்டரில் ஒரு பைலைத் திறந்து ஒரு எழுத்தை அழித்தாள், வலது தோளில் ஒரு புள்ளி அணைந்தது. எழுத்தைத் திரும்ப வைத்தாள், புள்ளி வந்து உட்கார்ந்தது. இன்னொன்றில் ஒரு காற்புள்ளியை நகர்த்தினாள், இடது விலாவில் ஒன்று போயிற்று, வந்தது. இப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்துப் படம் வரைந்து முடித்தபோது, வடக்கூர்கள் வலது தோளிலும், கடற்கரை ஊர்கள் இடுப்புக்கு மேலேயும், உப்பளங்கள் இடது விலாவிலும், கோயில் நிலம் கழுத்துக்குக் கீழேயும், ஆபீஸின் சொந்தப் பைல்கள் எந்தக் கையும் எட்டாத நடுமுதுகுக் குழிவிலும் இருப்பது தெரிந்தது. கண்ணாடியில் அவை தெரியவில்லை. போனில் படம் பிடித்தால் வெறும் முதுகுதான் விழுந்தது. உயிருள்ள கண் நேரில் பார்த்தால் மட்டும் இருந்தன.

"கேட்ட எடம் கிடைச்சிட்டு," என்றார் கனகசபாபதி, தன் யோசனை பலித்த திருப்தியோடு. சேமிக்கும் இடம்: முதுகு என்று சுற்றறிக்கை போட்டார்கள். பலவேசத்தை யாரும் கேட்கவில்லை. அலமாரியைக் கேட்டா அதில் பைல் வைத்தார்கள்?

அவர் மெர்லினிடம் மட்டும் ஒருதரம் கேட்டார்: "இத வேற எங்கயாவது மாத்தி வைக்க முடியாதாம்மா?"

"எங்க வைக்கிறது அண்ணாச்சி?" என்றாள் அவள், நிஜமான வருத்தத்தோடு. "மறுபடியும் அதே கேள்விதானே." கிளம்பும் முன்பு அவள் ஒரு நல்லது செய்வதாக நினைத்து விதி ஒன்று எழுதி வைத்துவிட்டுப் போனாள்: ஒரு புள்ளியைப் பார்க்க உரிமை உள்ளவர் அந்தப் பைலுக்குச் சொந்தக்காரரும் அதில் கையெழுத்துப் போட்ட அதிகாரியும் மட்டும். பிறர் பார்க்கலாகாது, யாரும் தொடலாகாது.

உப்போடை இந்த அதிசயத்தை ஒரு வாரத்தில் செரித்துவிட்டது. முதல்நாள் கூட்டம் கூடியது, இரண்டாம்நாள் வரிசை ஆயிற்று, அதற்கடுத்த நாள் வரிசையை ஒட்டிச் சுண்டல்காரன் வந்துவிட்டான். ஆபீஸில் பலவேசத்துக்குச் சாய்மானம் இல்லாத ஒரு முக்காலியும் சுவரைப் பார்த்த ஓர் இடமும் ஒதுக்கப்பட்டன. விதியைக் காப்பதற்காகச் சங்கிலி ஒரு வெள்ளைத் துண்டை வாங்கி, நடுவில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓட்டை வெட்டி, ஓரம் தைத்து வைத்தான். முதுகு முழுவதையும் துண்டு மூடும், வந்தவரின் புள்ளிக்கு நேராக ஓட்டை நிற்கும், ஓர் ஈர்க்குச்சியால் சங்கிலி சுட்டிக் காட்டுவான், வந்தவர் கண்ணை இடுக்கிப் பார்த்து, "இருக்கு" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டுப் போவார். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்கும் முன்பு பெண்ணுடைய தகப்பனோடு வந்து அவர் வயலின் புள்ளியைப் பார்த்தார்கள். பங்காளிச் சண்டைகளில் "வா, பலவேசம் முதுகுக்கு வா" என்று சவால் விட்டார்கள். கோர்ட்டில் ஒரு வழக்கில் முதுகைச் சாட்சியாக அழைத்தார்கள், கூண்டில் அவர் நீதிபதிக்கு முதுகு காட்டி நின்றார், அதற்காக யாரும் அவரைக் கண்டிக்கவில்லை.

ஒருதரம், ஊரே பார்த்திருக்க, பட்டப்பகலில், கோயில் நிலத்தின் புள்ளி ஈர்க்குச்சியின் நுனிக்கு நேரே அணைந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், அந்த நேரத்தில்தான் ஒருவன் கம்ப்யூட்டரில் கோயில் நிலத்தின் வடக்கு எல்லையைத் தெற்கே நகர்த்திக்கொண்டிருந்தான். அவனைப் பிடித்த பிறகு எல்லோருக்கும் முதுகின் மேல் ஒரு பயம் வந்தது. பைல்களில் கை வைக்கிற ஆட்கள் கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

ஆனால் பயம் முதுகின் மேல்தான் வந்ததே தவிர, ஆளின் மேல் ஒன்றும் வரவில்லை. தெருவில் அவரைக் கண்டவர்கள் பின்பக்கமாக வந்துதான் கும்பிட்டார்கள். பஸ்ஸில் அவருக்குப் பின்சீட்டு முதலில் நிரம்பியது, பக்கத்து சீட்டு கடைசிவரை காலியாகக் கிடந்தது. டீக்கடையில் அவர் கடன் வாங்காமல் காசு கொடுத்துக் குடிக்கிற டீயையும் கடைக்காரன் தோளுக்கு மேலாக நீட்டினான். அவர் முகத்துக்கு வயசானதும், முன்பல் ஒன்று விழுந்ததும், இடது கண்ணில் புரை படர்ந்ததும் யாருக்கும் தெரியாது. ஊர் முழுக்க அவருக்குப் பின்னால் நின்றது, முன்னால் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் மட்டும் நின்றது.

பெரிய கொடுமை என்னவென்றால் அரிப்பு. முதுகைச் சொறிவது பதிவேட்டில் கை வைப்பதற்குச் சமம் என்று ஆபீஸ் கருதியது. சந்தனம் பூசக் கூடாது, எண்ணெய் தேய்க்கக் கூடாது, கதவு நிலையில் உரசிக்கொள்ளக் கூடாது. அக்கினி நட்சத்திரத்தில் ஒரு வருஷம் அவருக்கு வேர்க்குரு பொரிந்து தள்ளியது. அன்றைக்கு ஊரில் நடந்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. கிணறே இல்லாதவனுக்குக் கிணறு இருந்தது, செத்துப்போன பட்டாக்களுக்கெல்லாம் உயிர் வந்தது, ஒரே வாழைத்தோப்புக்கு இரண்டு புள்ளி கண்ட இரண்டு குடும்பங்கள் ஆபீஸ் வாசலிலேயே வேட்டியை மடித்துக் கட்டின.

"அது மச்சம் இல்லவே, வேர்க்குரு!" என்று சங்கிலி தொண்டை கிழியக் கத்தினான்.

"ஒமக்கு எப்படி வே தெரியும்? நுனி கறுத்துல்லா இருக்கு?"

"கறுத்திருந்தா மச்சம், செவந்திருந்தா குரு. கண்ணத் தொறந்து பாரும்."

"ரெண்டுங் கெட்டானா இருக்கே!"

மழை பெய்து உடம்பு குளிர்கிற வரைக்கும் ஊரில் ஒரு நிலமும் கைமாறவில்லை. அத்தனை நாளும் அத்தனை சண்டைக்கும் நடுவில் பலவேசம் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐயோ பாவம், எரியுமே என்று ஒருவர் சொல்வார் என்று காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் சொல்லவில்லை.

பூலம்மாள் அந்த வருஷந்தான் போனாள். முதலில் அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் விடியும் முன்பே வாசலில் ஆள் வந்து நின்று, "அண்ணாச்சிய கொஞ்சம் குப்புறப் படுக்கச் சொல்லுங்க மதினி, ஒரு எட்டுப் பாத்துட்டு பஸ்ஸப் புடிக்கணும்" என்று சொல்லத் தொடங்கியதும் அவள் பொறுமை கரைந்தது. படுக்கையில் அவர் அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் அவளுக்கு எதிரே ஊரின் எல்லா வயலும் எல்லா வீடும் எல்லாக் கல்யாணமும் படுத்திருந்தன.

"மூத்தவன் திருப்பூருக்கு வரச் சொல்லுதான்," என்றாள் ஒருநாள். "நான் ஒமக்கு வாக்கப்பட்டேன். இந்த ஊருக்கு வாக்கப்படல. இத்தன பேரு கூட என்னால ஒரு பாயில படுக்க முடியாது."

"நானா கேட்டு வாங்கினேன்?"

"கேட்டு வாங்கல. வேண்டாம்னும் சொல்லல."

அதையும் அவர் கனகசபாபதியின் தலையில் ஏற்றி வைத்தார்.

அவள் போன பிறகுதான் அந்தச் சந்தேகம் வந்து பிடித்தது. நடுமுதுகுக் குழிவில், ஆபீஸின் சொந்தப் பைல்களுக்கு நடுவில், அந்த விசாரணைப் பைலின் புள்ளி இருக்கிறதா? அவர் பக்கம் கிழிக்கவில்லை என்பதற்கு இந்தப் பூமியில் உள்ள ஒரே சாட்சி அந்த வரிதான். புள்ளி இருந்தால் வரி எழுதினபடியே இருக்கிறது. புள்ளி இல்லையென்றால் யாரோ உள்ளே போய் அதில் கை வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெறும் முன்பு கனகசபாபதி கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் பகல் முழுக்க உட்கார்ந்திருந்த நாள்கள் அவர் ஞாபகத்துக்கு வந்தன. டீ கொண்டுபோனபோது அவர் திரையைக் கையால் மறைத்தாரோ? மறைத்தார் என்றே பலவேசத்துக்கு இப்போது தோன்றியது.

அவர் திருப்பூருக்குப் போன் போட்டார். "ஏட்டி, மொத நாளு ஒன்னையும் நிப்பாட்டி, நடுமுதுகுல விசாரணைப் பைலுன்னு ஒண்ணு காட்டுனாளே அந்த நாகர்கோயில்காரி, ஒனக்கு நெனவிருக்கா?"

"இருக்கு. கருகருன்னு எள்ளு மாதிரி இருந்திச்சு."

"இப்ப இருக்கா?"

அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "இப்ப நான் இங்கல்லா இருக்கேன்," என்றாள் பூலம்மாள்.

சங்கிலியைக் கேட்டார். "தம்பி, துண்டக் கொஞ்சம் நடுவுல தள்ளி, ஒரே ஒரு பார்வ பாத்துச் சொல்லிருடே."

"அண்ணாச்சி, என் வேலைக்கு ஒல வச்சிராதிய. ஆபீஸ் பைலு. சொந்தக்காரரு பாக்கலாம், கையெழுத்துப் போட்ட அதிகாரி பாக்கலாம். நான் ரெண்டுலயும் இல்ல."

"சொந்தக்காரன் நாந்தான்."

"அப்போ நீங்களே பாருங்க. யாரு வேண்டாம்னா?" என்று சொன்ன பிறகுதான் சங்கிலிக்குத் தான் சொன்னது உறைத்தது. அன்று முழுக்க அவன் அவர் பக்கம் வரவில்லை.

கையெழுத்துப் போட்டவர்கள் இருவர். விசாரணைக்கு வந்த அதிகாரி செத்துப்போய்விட்டார். மிச்சம் கனகசபாபதி. அவர் பாளையங்கோட்டையில் வீடு கட்டிக் குடியேறியிருந்தார். அந்தப் பக்கம் போகிறவர்களிடமெல்லாம் பலவேசம் சொல்லியனுப்பினார்: ஒருதரம் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். போனவர்கள் திரும்பி வந்து, "சொன்னோம், சரின்னாவ" என்றார்கள். சரி என்றவர் வரவில்லை. பலவேசமும் ஓய்வு பெற்றார். மாலை போட்டு, சால்வை போர்த்தி, போர்த்தின சால்வையை உடனே உருவிக்கொண்டு, மறுநாள் காலையில் வழக்கம்போல முக்காலிக்கு வரச் சொன்னார்கள். ஆளுக்குத்தான் ஓய்வு, முதுகுக்கு இல்லை.

கனகசபாபதி ஒரு தை மாசத்துப் பகலில் வந்தார். பலவேசத்துக்காக வரவில்லை. வேலையில் இருந்த காலத்தில் உப்போடைக்கு வெளியே வாங்கிப்போட்ட மனையைப் பற்றி மகன்கள் இருவருக்கும் தகராறாம், பைலில் எவனாவது கை வைத்துவிட்டானோ என்று பயமாம். காரிலிருந்து கைத்தடி ஊன்றி இறங்கி, உள்ளே வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரின் பின்னால் நின்று, "என்னடே பலவேசம், சௌக்கியமா?" என்றார்.

ஆள் யாரென்று பலவேசத்துக்குக் குரலிலேயே தெரிந்தது. எழுந்திருக்கவில்லை. "இருக்கேன்யா" என்றார் சுவரிடம்.

சங்கிலி துண்டை வலது விலாவுக்கு இழுத்து, ஈர்க்குச்சியை நீட்டினான். கனகசபாபதி சட்டைப்பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்து, கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்து, மூக்கில் ஏற்றி, குனிந்து பார்த்தார். மூச்சு பலவேசத்தின் விலாவில் சுட்டது. "இருக்கு, இருக்கு," என்றார் சந்தோஷமாக. "நல்லாத் தெளிவா இருக்குடே. எவ்வளவு பொடிசு, எவ்வளவு தெளிவு!"

"அய்யா, அப்படியே இன்னொண்ணையும் பாத்துச் சொல்லணும்."

"எது?"

"நடுவுல உள்ளது."

சங்கிலி கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்துவிட்டு, டீ சொல்லிவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனான். அறையில் அவர்கள் இருவரும் மின்விசிறியும்.

"அது எதுக்குடே இப்போ? அதான் அன்னைக்கே முடிஞ்சு போச்சே."

"எனக்கு முடியலய்யா. இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்த. நீங்க மட்டுந்தான் பாக்கலாம். வேற ஒண்ணும் கேக்கல."

வேறு ஒன்றும் கேட்கவில்லை என்பது பொய். வேறு ஒன்றையும் அவர் கேட்டார், அத்தனை வருஷமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் தெரியாமச் சொல்லிட்டேன்டே என்ற அந்த வார்த்தையைக் கேட்டு வாங்கினால் அது அது இல்லை என்பதால் கேட்காமல் இருந்தார்.

துண்டு மெல்ல நகர்ந்தது. ஓட்டை நடுமுதுகில் வந்து நின்றது. அந்தச் சின்ன வட்டத்தில் மட்டும் காற்றுப் பட்டது. பலவேசம் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்த ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டு, அந்த இடத்தில் அன்றைய வராந்தாவையும், அதில் நின்ற சனத்தையும், அவர்கள் நடுவில் சட்டையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு வாலிபனையும் பார்த்தார். பிறகு, யாரும் தொடலாகாது என்ற விதியை மறந்தோ மீறியோ, ஒரு விரல் வந்து அந்த வட்டத்துக்குள் பட்டது. பூலம்மாள் போன பிறகு அந்த இடத்தில் பட்ட முதல் விரல். குளிர்ந்திருந்தது. அது தேடுகிற விரலா, தடவிக் கொடுக்கிற விரலா என்று பலவேசத்தால் சொல்ல முடியவில்லை. ரொம்பநேரம் அங்கேயே இருந்தது.

"அய்யா?"

விரல் எடுபட்டது.

"கண்ணு முன்ன மாதிரி இல்லடே," என்றார் கனகசபாபதி. குரல் எங்கோ தள்ளியிருந்து வந்தது. "சரியாத் தெரியல. அடுத்த மட்டம் வரும்போது நல்லாப் பாத்துச் சொல்லுதேன், என்ன?"

"இப்பத்தான் பொடிசு தெளிவுன்னு சொன்னியளே."

"அது… அது ஓரத்துல இருந்திச்சு. வெளிச்சம் பட்டுது." கைத்தடி தரையில் தட்டிக்கொண்டே போயிற்று, வாசல்படியில் ஒருதரம் தடுமாறியது, கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பலவேசம் திரும்பியபோது அறையில் யாரும் இல்லை. மேசையின் மேல் கூடு திறந்து கிடந்தது, பக்கத்தில் கண்ணாடி, காலை விரித்தபடி, கண்ணாடி வில்லையில் மூச்சின் ஆவி இன்னும் வற்றாமல்.

டீயோடு வந்த சங்கிலி அதைப் பார்த்தான். "மறந்துட்டுப் போயிட்டாவளே. இது இல்லாம அவுகளுக்கு ஒண்ணும் தெரியாதே. ஓடிப்போய்க் குடுத்துட்டு வரட்டா அண்ணாச்சி? கார் ரயில்வே கேட்டுலதான் நிக்கும்."

"வேண்டாம்."

"இல்லன்னா பார்சல்ல அனுப்பிருவம். அட்ரஸ் இருக்கு."

"வைடே அங்கன," என்றார் பலவேசம். "அவுக வந்து வாங்கிக்கிடட்டும்."

சங்கிலி அவர் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தை அவன் அத்தனை வருஷத்தில் நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு பல் இல்லாததையும் இடது கண் வெளுத்திருந்ததையும் கண்டு, என்னவோ கேட்க வாயெடுத்தான். அதற்குள் வாசலில் யாரோ வடக்கூர்க்காரர் தன் வயலைப் பார்க்க வந்து செருமவே, பலவேசம் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார், சங்கிலி துண்டை எடுத்து வலது தோளுக்கு இழுத்தான்.

கண்ணாடி இப்போது அவர் சட்டைப்பையில் இருக்கிறது. முக்காலியில் உட்காரும்போது சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொள்வார், அதற்கு மேல் கண்ணாடி. தினமும் வேட்டி நுனியால் துடைத்துத் தெளிவாக வைத்திருக்கிறார், வருகிறவர் சாக்குச் சொல்ல இடம் இருக்கக் கூடாது. விரல் பட்ட இடம் அரிக்கிறது. கையை எப்படி முறுக்கினாலும் அந்த இடத்துக்கு எட்டவில்லை. திருப்பூரிலிருந்து பூலம்மாள் எப்போதாவது, "வந்து சொன்னாவளா?" என்று கேட்கிறாள். "வருவாவ" என்கிறார்.

வாசலில் கார்ச் சத்தம் கேட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய், துண்டை எட்டிப் பிடித்து, ஓட்டை நடுமுதுகுக்கு நேராக நிற்கும்படி இழுத்து விட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து நிமிர்ந்து உட்காருகிறார்.